பஞ்சு மிட்டாயும் ஒரு சாயக் குடும்பமும்

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டார்களே, நினைவிருக்கிறதா? சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலிருந்து இயங்கும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவற்றில் ரோடமின் பி இருந்தது. துணிக்குப் போடுகிற சாயம் அது, வயிற்றுக்குள் போகவே கூடாது. தடை நியாயம்தான்.

ஆனாலும் அந்தச் சாயத்தின் மேல் எனக்கு ஒரு பிரியம். செல்களைப் படம் பிடிக்க ஒளிரும் சாயங்கள் செய்வது என் வேலை. அதில் ரோடமின் குடும்பம்தான் என் செல்லம்.

ஊசிமுனையளவு ரோடமின் பி தூள் போதும், ஒரு குடுவைத் தண்ணீர் ரோஸாகிவிடும். (வீட்டில் முயல வேண்டாம். விரலில் பட்டால் சோப்புக்கும் மசியாது!) அதில் பச்சை லேசரைப் பாய்ச்சினால் உள்ளே ஓடுவது ஆரஞ்சுக் கோடு. "லேசர் கலர் மாறிடுச்சா சார்?" என்று கேட்காத மாணவர் இல்லை. லேசர் மாறவில்லை, அம்மா. சாயம் பச்சையை விழுங்கி, கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, மிச்சத்தை ஆரஞ்சாக உமிழ்கிறது.

அந்த நிறத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்பதுதான் அழகு. மூலக்கூறின் இரு ஓரத்திலும் நைட்ரஜன் உண்டு. அவற்றில் எத்தில் என்னும் சிறு கார்பன் தொகுதி எதுவும் இல்லாவிட்டால் அது ரோடமின் 110, பச்சையாக ஒளிரும். ஒவ்வொன்று சேர்த்த ரோடமின் 6ஜி மஞ்சள் பக்கம் வரும். இரண்டிரண்டு சேர்த்தால் நம் ரோடமின் பி. நடுவில் பாலமாக நிற்கும் ஆக்சிஜனை எடுத்துவிட்டுச் சிலிக்கானை வைத்தால் ஒளி ஏறக்குறைய 90 நானோமீட்டர் தள்ளி அடர்சிவப்புக்குப் போய்விடும். ஒரே ஒரு அணு, நேயர்களே!

சிவப்பு எதற்கு என்கிறீர்களா? டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், சிவப்பு மட்டும் கசியும். பச்சையையும் நீலத்தையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. திசுவுக்குள் ஆழமாகப் பார்க்கச் சிவப்புச் சாயம்தான் உதவும். இன்னொன்று, பல ரோடமின்களுக்கு நேர்மின்சுமை உண்டு. அதனால் உயிருள்ள செல்லில், உள்ளே எதிர்மின்சுமை கொண்ட ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவைத் தாமாகவே தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு உதவும் சிவப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. அகச்சிவப்பை நெருங்க நெருங்கச் சாயங்கள் மங்குகின்றன, சீக்கிரம் வெளுத்தும் போகின்றன. இதைக் கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளில் யாராவது அந்த முடிச்சை அவிழ்க்க வருவீர்கள் என்று நம்புகிறேன்.