குருமார் பயின்ற வீடு

ஜிந்துப்பிட்டியிலிருந்து செட்டியார் தெருவழியே புறக்கோட்டைக்கு நடந்து செல்வோர், பிரின்ஸ் வீதியின் கடைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே, உயர்ந்த தூண்களையுடைய பழைய மாடி வீடொன்றைக் காண்பர். 1692ஆம் ஆண்டிற் பதவியேற்ற ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீயின் வாசஸ்தலம் அது. 1696இல் குருமாரையும் ஆசிரியரையும் பயிற்றும் கல்லூரியாக மாறி, 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றும் வரையில் அப்பணியைச் செய்தது.

கொழும்புக் குருமார் கல்லூரியிற் பயின்றோருள் ஒருவர், 1723இல் இந்நகரிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ. தமிழிலும் ஐரோப்பிய மொழிகளிலும் வல்ல அவர் உழைப்பின் பயனாக, 1759இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு கொழும்பில் அச்சேறியது.

ஒல்லாந்தர் தம் நாட்டிற் குளிருக்கு அஞ்சி வீடு கட்டியவர்கள். இங்கோ வெயிலையும் பெருமழையையும் எண்ணிக் கட்ட வேண்டியதாயிற்று. ஆகவே சுவர்கள் தடித்தன. கதவுகளும் சன்னல்களும் உயர்ந்தன. வீதிப்புறத்து விறாந்தை வெயிலை வாசலிலேயே நிறுத்தியது. உள்ளேயுள்ள முற்றமும் கிணறும் ஒளியையும் காற்றையும் நீரையும் அளித்தன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு இம்முற்றம் அந்நியமாகத் தோன்றாது.

பின்னர் இவ்வீடு மருத்துவமனை, படைவீடு, பொலிஸ் பயிற்சி நிலையம், தபாற்கந்தோர் எனப் பல வேடம் பூண்டது. 1971இல் மழையினால் ஒரு பகுதி இடிந்து வீழவே, தபாற்கந்தோர் வெளியேறியது. எஞ்சியதையும் இடித்துவிடலாம் என்ற யோசனை எழுந்தது. பொதுமக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 1977இல் திருத்தவேலை தொடங்கிற்று. 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகக் கதவு திறந்தது.

இங்கிலாந்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. சசெக்ஸ் நாட்டுப்புறத்தின் அல்ஃபிரிஸ்டன் கிராமத்தில், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குருமனை ஒன்று, மரச்சட்டமும் வேய்ந்த கூரையுமாகச் சிதைந்து கிடந்தது. அவ்வூர்க் குரு அதனைக் காக்க முயன்றார். 1896இல் தேசிய அறநிதியம் பத்துப் பவுணுக்கு அதனை வாங்கிற்று. அந்நிறுவனம் வாங்கிய முதற் கட்டடம் அதுவே.

ஒன்று வேய்ந்த கூரைக் குடில். மற்றையது தூண்கள் நிமிர்ந்த மாளிகை. இரண்டையும் காத்தது சுவரின் வலிமையன்று. அச்சுவர்களுக்குள் வாழ்ந்தவரையும் பயின்றவரையும் மறவாத மக்களின் அக்கறையே. பிரின்ஸ் வீதியிலே 1971இல் வீழ்ந்த சுவரோடு அந்த அக்கறையும் வீழ்ந்திருந்தால், தமிழறிஞர் ஒருவரை உருவாக்கிய கல்லூரியின் வீட்டைக் காட்ட, இன்று கொழும்பில் ஒரு கல்லும் எஞ்சியிராது.