பேர் சொல்லிக் கூப்பிட்டால் பெட்டி வருமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு சாஃப்ட்வேர் சோதனை. தூக்கம் வந்துடுமோன்னு பயப்படாதீங்க, நம்ம டோல்கேட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அங்கே எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசை கட்டி நிற்கும் ட்ரெய்லர்களைப் பார்க்காதவர் யார்? ஒவ்வொரு கண்டெய்னர் மேலும் 4 எழுத்து, 7 இலக்கம் இருக்கும். ஐஎஸ்ஓ 6346 என்ற உலக விதி அது. கடைசி இலக்கம், முன்னே உள்ளவற்றை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. யாராவது எண்ணைத் தப்பாக எழுதினால், பெரும்பாலும் அந்தக் கணக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

சாஃப்ட்வேரிலும் கண்டெய்னர் உண்டு. 2013இல் வந்த டாக்கர், ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டுகிறது. டெஸ்ட்கண்டெய்னர்ஸ் என்ற லைப்ரரி, சோதனை நேரத்தில் நிஜ டேட்டாபேஸையே இப்படி ஒரு பெட்டியில் ஓட்டி, முடிந்ததும் அகற்றிவிடும். பல பெட்டிகளைச் சேர்த்துக் கிளப்ப டாக்கர் கம்போஸ் இருக்கிறது. அதில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் நாம் ஒரு பெயர் வைக்கிறோம். சோதனையில் பெட்டியைத் தேடுவது அந்தப் பெயரைச் சொல்லித்தான்.

இங்கேதான் சிக்கல். ஒரே சர்வீஸுக்கு நாலு பெட்டி ஓடலாம் என்பதால் பெயரோடு வரிசை எண்ணும் சேரும். கம்போஸின் முதல் பதிப்பில் 'டிபி_1'. இரண்டாம் பதிப்பில் 'டிபி-1'. அடிக்கோடு போய்ச் சிறுகோடு வந்தது, அவ்வளவுதான். முதல் பதிப்பு 2023இல் நிறுத்தப்பட்டதால் பழைய சோதனைகளை மாற்ற வேண்டியதாயிற்று.

பழைய பெயரை அப்படியே விட்டால்? இங்கே சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. பெட்டி இல்லை என்று லைப்ரரி கத்தாது. ஜாவாவில் காலியான ஓர் 'ஆப்ஷனல்' தரும். 'கிடைத்தால் சோதி' என்று எழுதியிருந்தால் பெட்டியும் கிடைக்காது, சோதனையும் நடக்காது, திரையில் மட்டும் பச்சை! அந்தப் பச்சையை நம்பித்தான் ஒரு வங்கியோ ஆஸ்பத்திரியோ புது புரோகிராமை ஓட்டும். தோற்ற சோதனை நமக்கு நண்பன். நடக்காமலே ஜெயித்த சோதனைதான் எதிரி.

மாணவர்களுக்கு மூணு விஷயம் சொல்றேன். பெட்டி கிடைக்கலைன்னா அந்த வரியிலேயே சோதனை நிற்கும்படி எழுதுங்க. சர்வீஸ் பெயரை ஒரே இடத்தில் வைங்க. வேணும்னே ஒரு தடவை தப்பான பெயரைக் கொடுத்து, சிவப்பு வருதான்னு பாருங்க. சிவப்பு வந்த பிறகு பச்சையை நம்பலாம்.