இளைஞர் இயல்பும் இணையவழி வேலையும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



படிக்க வைத்ததோடு ஒரு கல்விக் கழகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. படித்தவர்க்கு உரிய இடம் எங்கே என்பதையும் காட்டியாக வேண்டும். அதனைப் பற்றியே இன்று பேச முற்படுகின்றோம்.

நாம் வாழும் பகுதி ஆலைகள் நிறைந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1965 முதல் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகின்றன. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்த வழி எது? பட்டரவாக்கம் நிலையத்தில் இறங்கி, 'ஆட்கள் தேவை' என்னும் பலகையைத் தேடி வாயில் வாயிலாக அலைவது ஒரு வழி. உள்ளே இருக்கும் உறவினர் சொல்லிச் சேர்ப்பது மற்றொரு வழி. தலைமுறையாக உள்ளே உறவினர் இல்லாதவனுக்கு அலைச்சல் ஒன்றே வழியாயிற்று.

இந்நிலையை மாற்ற எழுந்த முதல் ஏற்பாடே வேலைவாய்ப்பு அலுவலகம். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1945இல் அதற்கெனத் தனி இயக்ககம் அமைந்தது. அவ்வேளையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் நம் பாபாசாகேப் அம்பேத்கர் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது. இன்று அப்பணி இணையத்திற்கும் வந்துவிட்டது. மத்திய அரசின் தேசியத் தொழில்நெறிச் சேவைத் தளம் 2015இலும், தமிழக அரசின் தனியார்துறை வேலை இணையத்தளம் 2020இலும் தொடங்கப்பட்டன. இரண்டிலும் பதிவு செய்யக் கட்டணமில்லை.

இப்போது இணையத் தளங்கள் சில, படிப்பை மட்டுமன்றி இயல்பையும் கேட்கின்றன. நீ தனித்து உழைப்பவனா, பலரோடு சேர்ந்து உழைப்பவனா? கருவிகளில் விருப்பமா, கணக்கில் விருப்பமா? விடைகளைக் கணினி தொகுத்து, இன்ன வேலை பொருந்தும் என்று கூறுகிறது. இக்கருத்து புதியதன்று. 1908இல் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் தொழில் வழிகாட்டு நிலையம் நிறுவினார். தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பதே அவர் காட்டிய நெறி.

தோழர்களே! இந்நெறி நமக்கு ஏன் முக்கியம்? சாதி என்பது தொழிலைப் பிரிப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே பிரித்து அடுக்குகிறது என்றும், அங்கே ஒருவரின் திறனோ விருப்பமோ கேட்கப்படுவதில்லை என்றும் அம்பேத்கர் 1936இல் எடுத்துரைத்தார். பிறப்பைக் கேட்டு வேலை தந்த நாட்டில், "உன் திறன் என்ன?" என்னும் கேள்வியே ஒரு புரட்சிதான்!

ஆனால் கேள்வி மாறியதால் கேட்பவர் மனம் மாறிவிட்டதா? சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகிய இருவரின் ஆய்வு 2007இல் வெளியாயிற்று. 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். தகுதி ஒத்திருக்க, பெயர் மட்டும் வேறுபட்டது. உயர்சாதிப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே தலித் பெயருக்கு இருந்தது. கணினியும் பழைய தேர்வுகளைப் பார்த்தே கற்கிறது. அமேசான் நிறுவனம் சோதித்த தேர்வுக் கருவி பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தியதால் கைவிடப்பட்ட செய்தி 2018இல் வெளிவந்தது. அங்கே பெண்ணுக்கு நேர்ந்தது, இங்கே நம் பெயருக்கும் நம் முகவரிக்கும் நேரலாம்.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒதுங்கி நில் என்று ஊரால் பழக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, முன்வந்து பேசத் தயங்குகிறான். அதனைத் 'தலைமைப் பண்பு இல்லை' என்று ஒரு வினாத்தாள் குறித்துவிட்டால், சமுதாயத்தின் குற்றம் அவன் இயல்பாகிவிடாதா? மகளிர் குழுக் கணக்கை எழுதும் பெண்ணிடம் பொறுப்பு இருக்கிறது. பழுதான மோட்டாரைப் பிரித்துச் சுற்றிக் கட்டும் இளைஞனிடம் நுட்பம் இருக்கிறது. இவற்றுக்குச் சான்றிதழ் இல்லை. நாமே எழுதினாலன்றி அத்தளம் அறியாது.

ஆகவே இளைஞர்களுக்குச் சில சொல்வோம். வினாக்களைத் தமிழில் கேட்கும் வசதி இருந்தால் தமிழையே தேர்ந்தெடுங்கள். மொழித் தடுமாற்றம் குணக் குறையாகப் பதிவாகிவிடும். செய்த வேலைகளைத் தெளிவாக எழுதுங்கள். பதிவுக்கும் நேர்காணலுக்கும் முன்பணம் கேட்போரை நம்பாதீர்கள். கணினி கூறும் முடிவை யோசனையாகக் கொள்ளுங்கள், தலைவிதியாகக் கொள்ளாதீர்கள். தொழிற்பழகுநர் சட்டம், 1961, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்குகிறது. அதனைக் கேட்டுப் பெறுங்கள். இவ்விரு பிரிவினர்க்கென்றே மத்திய அரசின் தொழில்நெறி வழிகாட்டு மையம் சென்னையில் உள்ளது. 1974இல் தோன்றிய தாட்கோ திறன் பயிற்சி அளிக்கிறது.

கழகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மாலை வகுப்பு நடக்கும் அறையிலேயே வாரம் ஒருநாள் இளைஞர்களை அமர்த்திப் பதிவு செய்யத் துணை நில்லுங்கள். வேலையில் இருப்போர், தம் ஆலையில் இடம் காலியானால் இங்கே தெரிவியுங்கள். நமக்கு உள்ளே உறவினர் இல்லாத காலம் போகட்டும். நாமே ஒருவருக்கொருவர் அந்த உறவினராவோம்.

இயல்பை அறிவோம், திறனை வளர்ப்போம், உரிமையை விடோம்.