தோட்டா இல்லாத துப்பறிவாளர்

(ஆசிரியர் வாசிப்புக் கூடுகையில் ஆற்றிய உரை)



துப்பறியும் கதை ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் எங்கள் தலைமையாசிரியர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

1942 ஜனவரி 2, சான் பிரான்சிஸ்கோ நகரம். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கார்டு என்ற தனியார் துப்பறிவாளரை, உடல்தகுதி இல்லை என்று ராணுவம் கழித்துவிட்டது. அவருக்கு அதில் ஏக நிம்மதி. ஆனால் வெகுநாள் கழித்து ஒரு வழக்கு வந்திருக்கிறது. அதற்குத் துப்பாக்கி தேவை. துப்பாக்கி இருக்கிறது, தோட்டா இல்லை. வாங்கக் காசும் இல்லை. வாடகை பாக்கி வேறு. தெரிந்த போலீஸ்காரரிடம் போகிறார், பிணவறை ஊழியரிடம் போகிறார். பரீட்சை மணி அடித்தபின் நம் பிள்ளைகள் பேனா இரவல் கேட்பார்களே, அதே கதைதான்! அப்படி என்ன வழக்கு? பிணவறையிலிருந்து ஒரு பிணத்தைத் திருட வேண்டும். அதே பிணத்தைத் திருட வேறு ஆட்களுக்கும் கூலி பேசியிருக்கிறார்கள்.

ரிச்சர்ட் பிராட்டிகன் எழுதி 1977இல் வெளிவந்த 'டிரீமிங் ஆஃப் பாபிலோன்' என்ற நாவல் இது. மாணவர் கையில் கொடுப்பதற்கில்லை, நாம் படிக்கலாம்.

கார்டுக்கு ஒரு வியாதி உண்டு, பகல்கனவு. பேஸ்பால் பந்து தலையில் பட்ட நாளிலிருந்து அவர் மனம் பழைய பாபிலோனுக்குப் போய்விடும். அங்கே அவர் பெரிய துப்பறிவாளர், காதலியின் பெயர் நானா-திரத். கனவில் மூழ்கி, பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே தவறவிடுவார். படித்துக்கொண்டே சத்தமாகச் சிரித்தேன்.

பிறகு ஓர் இடத்தில் சிரிப்பு நின்றது. கார்டு நான்கு வயதில் எறிந்த பந்தை எடுக்கத் தெருவுக்கு ஓடிய அப்பா, கார் மோதி இறந்துவிட்டார். அம்மா இன்றுவரை, தொலைபேசியில்கூட, அந்தப் பழியை அவர் மேல்தான் போடுகிறார். பந்து தலையில் பட்டதால்தான் கனவு என்று கார்டு சொல்கிறார். நான் நம்பவில்லை.

எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். எட்டாம் வகுப்பு, ஜன்னலோர இருக்கை. கரும்பலகையை அவன் பார்த்து நான் பார்த்ததில்லை. "பராக்கு பார்க்கிறாயா?" என்று பல நாள் வெளியே நிற்க வைத்தேன். அங்கேயும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக நிற்பான். அது என் கோபத்தைக் கூட்டும். அந்த ஆண்டு முழுக்க, "எங்கேடா போயிருந்தாய்?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. அரையாண்டுக்குப் பிறகுதான், அவன் அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்று சத்துணவு அக்கா சொன்னார். அதன் பிறகும் நான் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். போன வாரம் ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "சொல்றேன் சார். இவங்க எல்லாம் வெளியே போகட்டும்" என்றாள். மதிய உணவு மணி வரை காத்திருந்தோம்.