யார் சமைத்தது என்று சொல்லும் பலகை

(கோவையில் தொழில் தொடங்கவிருக்கும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



மெஸ், பேக்கரி, மசாலாப் பொடி என்று இங்கே ஒவ்வொருவரிடமும் ஒரு திட்டம் இருக்கிறது. கடன் பற்றியும் வாடகை பற்றியும் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் கடைக்கு வைக்கும் பெயரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கோவையிலிருந்து ஈரோடு வரை பலகைகளைப் படித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். கவுண்டர் மெஸ் இருக்கும். ஐயங்கார் பேக்கரி ஊருக்கு ஊர் இருக்கும். அருந்ததியர் மெஸ், பறையர் பேக்கரி என்று ஒரு பலகையை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? "எங்க பேரை நாங்க வைக்கிறோம், இதுல என்னங்க தப்பு?" என்று கேட்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். சாதிப் பெயர் சிலருக்குப் பாட்டன் விட்டுப்போன முதலீடு. மற்றவர்களுக்கோ, சாதியை மறைத்தால்தான் கல்லாவில் காசு விழும்.

உணவுக் கடையில் இது இன்னும் தீவிரமானது. அங்கே சாதிப் பெயர், "யார் சமைத்தது?" என்ற கேள்விக்கு முன்கூட்டியே சொல்லப்படும் பதில். அந்தக் கேள்வி பழங்கதை அல்ல. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் சமூகத்துப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அவரையே இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. கடை வைத்திருப்பவர் மனதில் அப்படி எந்த எண்ணமும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பள்ளி வாசலில் கத்திக் கேட்ட அதே கேள்விக்கு, அவர் கடைப் பலகை சத்தமில்லாமல் பதில் சொல்லிவிடுகிறது.

இதைப் பெரியார் 1957-லேயே வீதிக்குக் கொண்டுவந்தார். சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி அந்த ஆண்டு மே மாதம் தொடங்கிய மறியல், மாதக்கணக்கில் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1958-இல் அந்தச் சொல் போனது. கடையை மூடச் சொல்லி யாரும் போராடவில்லை. ஒருவரை உயர்ந்தவர் என்று பலகை அறிவித்தால், தெருவில் போகிற மற்றவர்களைத் தாழ்ந்தவர்கள் என்று அது அறிவிக்கிறது என்பதுதான் வாதம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆணையிட்டது. அதே வாரத்தில் நம் அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வைக்கப்பட்டது, விவாதமும் கிளம்பியது. மறைந்துபோன ஒருவரை ஊரே அழைத்த பெயரை என்ன செய்வது என்பது சிக்கலான கேள்விதான். நீங்கள் இன்னும் திறக்காத கடைக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அங்கே சாதி வந்தால், நீங்கள் கொண்டுவந்ததாகத்தான் இருக்கும்.

"கைப்பக்குவத்தைச் சொல்லத்தான் அந்தப் பெயர்" என்பார்கள். பக்குவத்துக்கு ஊர் பெயர் போதும். பள்ளிபாளையம் சிக்கன் ஓர் ஊரின் பெயரில்தான் தமிழ்நாடு முழுக்கப் போயிருக்கிறது. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் தங்கள் ஊர்ச் சாமி பெயரில் முனியாண்டி விலாஸ் நடத்தி ஊர் ஊராகப் பரவினார்கள். ஈரோட்டிலிருந்து கிளம்பிய சக்தி மசாலா எந்தச் சாதிப் பெயரையும் சுமக்காமல்தான் இவ்வளவு பெரிதானது. 'கொங்கு' என்று வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக வையுங்கள். இந்த மண்ணில் உழைத்த எல்லோருக்கும் சொந்தமான சொல் அது. ஒரு சாதியின் பட்டப்பெயராக அதைச் சுருக்காமல் இருந்தால் சரி.

"அப்படியானால் 'தலித்' என்று பெயர் வைப்பதும் தப்புதானே?" என்று ஒரு தோழர் கேட்டார். எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் 2016-இல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரில் மசாலா, ஊறுகாய் விற்கத் தொடங்கினார். மும்பையில் சுதீர் ராஜ்பர், வசைச்சொல்லாக வீசப்பட்ட சாதிப் பெயரையே எடுத்து 'சமார் ஸ்டுடியோ' என்று தோல்பை போன்ற பைகளுக்குப் பெயராக்கினார். இரண்டையும் கவுண்டர் மெஸ்ஸோடு ஒரே தராசில் வைக்க முடியாது. கவுண்டர் என்ற சொல் வாடிக்கையாளருக்கு உத்தரவாதம் தருகிறது. தலித் என்ற சொல், "என் கைப்பட்டதை நீ தின்பாயா?" என்று அவரிடமே கேட்கிறது. அதைக் கேட்பவர் வியாபாரத்தைப் பணயம் வைத்துத்தான் கேட்கிறார்.

ஆகவே பெயரைப் பதிவு செய்வதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் எழுதப்போகிற பலகையை, உங்கள் ஊர்ச் சேரியிலிருந்து வருகிற ஒருவர் நின்று படிப்பதாக நினைத்துப் பாருங்கள். தயங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்து இலை போடச் சொல்வாரா? சமையல்கட்டில் வேலை கேட்டும் வருவாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் பெயர் சரி. பிறகு வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் அதே பதிலை மாற்றாமல் வைத்திருங்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டு அடுப்படியில் சாதி பார்த்தால், பலகை பொய் சொல்வதாக ஆகிவிடும்.