உள்ளூர்த் திட்ட நிதி: முடிவு செய்வோர் யார்?

ஐதராபாத்தில் நாச்சாரம் தொழிற்பேட்டையை அடுத்துள்ள மல்லாபூர், நெடுங்காலம் மாநகர எல்லைக்கு வெளியே இருந்த ஊராகும். பின்னர் அது காப்ரா நகராட்சியில் அடங்கிற்று. 2007 ஏப்ரலில் 12 நகராட்சிகளும் 8 ஊராட்சிகளும் இணைக்கப்பட்டுப் பெருநகர மாநகராட்சி அமைந்தபோது, மாநகரின் ஓர் அங்கமாயிற்று. இணைப்பினால் நிதி பெருகும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒரு தெருவிற்கு முதலில் வேண்டுவது சாக்கடையா, விளக்கா என்று முடிவு செய்யும் இடம் ஊரைவிட்டு மேலும் மேலும் தொலைவிற்குச் சென்றது.

இதற்கு மாறான முயற்சி ஒன்று இதே மாநகரில் முன்பே நடந்துள்ளது. 1967இல் மத்திய அரசின் முன்னோடித் திட்டங்களுள் ஒன்றாக, ஐதராபாத் மாநகராட்சி நகர்ப்புறச் சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அன்று மல்லாபூர் அதன் எல்லைக்குள் இல்லை; பழைய நகரின் பஸ்திகளே அதன் களம். திட்டத்தின் கையில் பெருந்தொகை இல்லை. இக்குறையே ஒரு வகையில் அதற்கு நன்மையாக முடிந்தது எனலாம். சமுதாய அமைப்பாளர்கள் மதிப்பீட்டுத் தாளோடு செல்லாமல், வெறுங்கையோடு பஸ்திக்குச் சென்று மக்களின் தேவைகளைக் கேட்டறிந்தனர். குழந்தைகளுக்குப் பால்வாடி, பெண்களுக்குத் தையல் வகுப்பு, சந்துக்குக் கல் பாவுதல் எனச் சிறு பணிகளே பெரும்பாலும் கோரப்பட்டன. செலவில் ஒரு பங்கைக் குடியிருப்போர் பணமாகவோ உழைப்பாகவோ அளித்தனர். தாம் பங்கு தந்த பணிக்கு மக்கள் கணக்குக் கேட்பார்கள், கேட்கவும் செய்தனர். பின்னர் யூனிசெப் உதவி கிடைத்தது. எழுபதுகளின் பிற்பகுதியில், பட்டாவும் வங்கிக் கடனும் பெற்ற குடும்பங்கள் தாமே முன்நின்று வீடு கட்டிக்கொள்ளும் அளவிற்குத் திட்டம் வளர்ந்தது.

எண்பதுகளில் பிரிட்டிஷ் அரசின் உதவியாகப் பெருந்தொகை வந்தது. சாலை, வடிகால், குடிநீர் முதலிய பொறியியற் பணிகள் முதன்மை பெற்றன. இப்பணிகள் தேவையானவையே. ஆனால், பெருந்தொகையைக் குறித்த காலத்திற்குள் செலவிட வேண்டிய பொறியாளருக்கு மக்கள் கூட்டம் ஒரு தடையாகத் தோன்றுவது இயல்பு. மதிப்பீடு தயாராகி, ஒப்பந்தப்புள்ளியும் கோரப்பட்ட பின்னர் கூட்டப்படும் கூட்டத்தில் மக்கள் செய்வதற்கு எஞ்சியிருப்பது கையொப்பமிடுவது ஒன்றே. அதனைப் பங்கேற்பு எனக் கோப்பில் எழுதிவிடலாம்.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 3 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகையுள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டுமென்று விதித்தது. அவற்றின் அமைப்பையும் அதிகாரத்தையும் மாநிலச் சட்டமன்றங்களின் பொறுப்பில் விட்டது. ஆந்திரப் பிரதேசம் 2008இல் இயற்றிய சட்டம் பகுதி சபைகளுக்கும் இடமளித்தது. ஆனால் அவற்றின் பிரதிநிதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்பட்டனர். கேரளம் வேறு வழியில் சென்றது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கப்பட்டு, தொகை முன்னரே அறிவிக்கப்பட்டது. கிராமசபையில் அமர்ந்தவர் தமது கோரிக்கைக்கும் கையிருப்புக்கும் உள்ள இடைவெளியை நேரில் கண்டார். பாலம் வேண்டுமெனில் கிணற்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் அங்கேயே பேசப்பட்டது. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் 1989இல் தொடங்கிய பங்கேற்பு வரவு செலவுத் திட்டத்திற்கும் இத்தகைய தேர்வே அடிப்படை. தமிழ்நாட்டில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று முதன்முறையாகக் கூடின.

கூட்டத்திற்கு வருவோர் யார் என்பதும் எளிய வினாவன்று. தொழிற்பேட்டையை அடுத்த பகுதியில் சொந்த வீட்டுக்காரர் வருவார். வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளி அந்நேரத்தில் ஷிப்டில் இருப்பார். தண்ணீருக்குக் குடத்துடன் நிற்கும் பெண்ணுக்கு மாலை ஐந்து மணிக் கூட்டம் உகந்ததன்று. கேரளம் திட்ட நிதியில் 10 விழுக்காட்டைப் பெண்களுக்கான பணிகளுக்கென்று தனியே வகுத்ததன் காரணத்தை இங்கிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கால ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மதிப்பீடுகளோ அதற்குப் பல மாதங்கள் முன்னரே உருப்பெறுகின்றன. 2006இல் குடிமக்களின் பரிந்துரைகளை வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கத் தொடங்கிய புனே மாநகராட்சி, அவற்றைத் திட்டம் தயாராகும் முன்பே கோரிப் பெறுகிறது. மல்லாபூரில் மார்ச் மாதம் கூடும் கூட்டம், அவ்வாண்டின் நிதியைப் பொறுத்தவரை காலங்கடந்த கூட்டமே. அது கூட வேண்டிய காலம் மழை ஓயாத செப்டம்பர். தெருவில் எங்கே நீர் தேங்குகிறது என்பதும் அப்போது கண்முன்னே தெரியும்.