நாடி சீரானாலும் மருந்தை நிறுத்தாதீர்

(வேலம்பாளையத்தில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் முன்னிலையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கிணற்று மோட்டார் பழுதுற்றால் அதன் ஓசையிலேயே அறிந்துகொள்கிறீர்கள். உங்கள் மணிக்கட்டு நாடியைத் தொட்டுப் பார்த்ததுண்டா? நல்ல நாடி ஒரே தாளத்தில் அடிக்கும். முதியோர், இரத்தக் கொதிப்புடையோர், இதய வால்வு பழுதுற்றோர் ஆகியோருள் சிலருக்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கும். நாடியும் தாளம் தப்பும். மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும்.

துடிப்பைச் சீராக நிலைநிறுத்த மருந்துகள் உண்டு. அவற்றின் மூலம் நமக்கு அயலானதன்று. நம் நீலகிரியிலும் பயிரிடப்பட்ட சிங்கோனா மரப்பட்டையின் கொயினா மருந்து தம் நாடியைச் சீராக்குவதை டச்சு வணிகர் ஒருவர் உணர்ந்து மருத்துவர் வெங்கபாக்கிடம் கூறினார். அவர் அதனை 1914-இல் வெளியிட்டார். அதே பட்டையிலுள்ள குயினிடின் இதற்கு மேலும் ஏற்றது என 1918-இல் மருத்துவர் ஃப்ரே கண்டார். இந்நாளில் அமியோடரோன், சோட்டலால், ஃப்ளெக்கய்னைடு முதலியன வழங்கப்படுகின்றன.

இவை எல்லோர்க்கும் பொருந்துவன அல்ல. அமியோடரோனில் அயோடின் உண்டு. அது தைராய்டு சுரப்பி, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கக்கூடும். ஆதலால் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை வேண்டும். இதயக் குழாய் அடைப்புள்ளோர்க்கு ஃப்ளெக்கய்னைடு ஆகாது. அண்டை வீட்டார் மாத்திரையை நாம் வாங்கி உண்ணலாகாது.

இன்னொன்றை வருத்தத்துடன் கூறுகிறேன். என் தந்தையாருக்கு இம்மருந்தால் படபடப்பு நின்றது. நோய் தீர்ந்தது என்றெண்ணி, இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டார். நான்காம் மாதம் வலக்கை செயலிழந்தது, பேச்சும் குழறிற்று. 4060 நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வும் இதனையே உணர்த்துகிறது: பக்கவாதம் கண்டோரில் பெரும்பாலோர் அந்த மாத்திரையை நிறுத்தியவர்கள், அல்லது போதிய அளவில் பெறாதவர்கள். நாடி சீராவது வேறு. ஆபத்து நீங்குவது வேறு.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டு துடிப்பைச் சீராக்கினால் பக்கவாதம் முதலிய கேடுகள் குறையும் என 2020-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டிற்று. ஆகவே உறுப்பினர்களே, உங்கள் ஊர் முதியோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று நாடி பார்க்கச் செய்யுங்கள். தாளம் தப்பினால் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். பனியன் ஆலைக்கு இரவு வேலைக்குச் செல்வோர் மாத்திரையை உணவுப் பாத்திரத்தோடு எடுத்துச் செல்க. வாய் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, காலம் தாழ்த்தாது 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மருந்தையும் நிறுத்துவதில்லை என்னும் உறுதியோடு இல்லம் திரும்புவீர்களாக.